கொழுந்தனின் ட்ரோபோனின்

அந்த மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள் அவள். அங்கே அவளுக்கு 'எதிர்க்கட்சி' என்று பெயர். நேருக்கு நேர் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும். "ஆளுங்கட்சி ஒழுங்கா இருந்தா எதிர்க்கட்சிக்கு என்ன வேலை?" என்று ஒருநாள் பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, ரத்தக் குழாய்கள் வைக்கும் ஃபிரிட்ஜில் யாரோ வைத்திருந்த டிபன் டப்பாவை எடுத்து வராந்தாவில் கொண்டுபோய் வைத்தாள். டப்பாவுக்குச் சொந்தக்காரர் அந்தக் கூடத்தின் தலைமை மருத்துவர்.

லேபிளில் ஒரு எழுத்து தப்பாக இருந்தாலும் குழாயைத் திருப்பி அனுப்புவாள். உறைந்துபோன ரத்தத்தைக் கொடுத்து "எப்படியாவது பாத்துக் குடுங்க மேடம்" என்று கெஞ்சிய நர்ஸிடம், "எப்படியாவது இடம் பிடிச்சுக் குடுக்கறதுக்கு இது என்ன பஸ்ஸா?" என்று கேட்டாள். அந்தப் பெண் அழுதுகொண்டே போய் மறுபடி ரத்தம் எடுத்து வந்தாள். அன்று மாலை அவளுக்கு ஆறுதல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. யாருக்கும் ஆறுதல் சொல்லும் பழக்கம் அவளிடம் இல்லை. இருந்ததெல்லாம் கணவர் உயிரோடு இருந்த காலத்தோடு போயிற்று.

அவர் அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்தில் வேலை பார்த்தவர். சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதர். அவள் கத்தக் கத்த, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே "ஆச்சா? இன்னும் பாக்கி இருக்கா?" என்பார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். அவளைச் சிரிக்க வைக்கத் தெரிந்த ஒரே ஆள்.

அப்போது அவர்கள் கீழ்வீட்டில் இருந்தார்கள். மாடியில் அவருடைய தம்பி, அதாவது அவளுடைய கொழுந்தன், மனைவியோடு குடியிருந்தான். டிரைவிங் ஸ்கூல் நடத்தினான். காலையிலிருந்து மாலை வரை பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஓட்டத் தெரியாதவர்களைத் திட்டுவதே தொழில். அதனாலோ என்னவோ, உலகத்தில் எல்லாமே தனக்குத் தெரியும், மற்றவர்கள் எல்லாரும் எல் போர்டு என்ற நினைப்பு அவனுக்கு.

ஒரு சனிக்கிழமை காலை. அவள் வேலைக்குப் போய்விட்டாள். எட்டரை மணிக்குக் கணவருக்கு வியர்த்துக் கொட்டியது, நெஞ்சை இறுக்கியது. கொழுந்தன் இறங்கி வந்தான். பார்த்தான். "கேஸ்தான், வாயுப் பிடிப்பு" என்றான். சோடா வாங்கி வந்து கொடுத்து, சோபாவில் படுக்க வைத்து, ஃபேனை வேகமாக வைத்தான். வாசலில் அவனுடைய டிரைவிங் ஸ்கூல் கார் சாவியோடு நின்றிருந்தது. மருத்துவமனை பத்து நிமிடத் தூரம். நாற்பது நிமிடம் கழித்துத்தான் அண்ணன் ஏப்பம் விடவில்லை என்பது அவனுக்கு உறைத்தது. அதற்குள் மூச்சு விடுவதும் நின்றிருந்தது.

அவள் வெள்ளைக் கோட்டோடு வந்தாள். அழவில்லை. கூடம் நிறைய ஆட்கள் நிற்க, கொழுந்தனைப் பார்த்து, "நீதான் கொன்னே" என்றாள். அவனும் சளைக்கவில்லை. "ஊரான் ரத்தத்தை எல்லாம் டெஸ்ட் பண்ணப் போனியே, கட்டின புருஷனைப் பாத்துக்கிட்டியா? வீட்ல இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்ல?" என்றான்.

உடம்பு நடுவில் கிடக்க, இருபுறமும் இந்தப் பேச்சு. ஒரு மாதத்துக்குள் மகளை அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் பின்னால் இரண்டு அறை வாடகைக்கு எடுத்துப் போய்விட்டாள். மகள் கல்யாணத்துக்கு அந்த வீட்டுக்குப் பத்திரிகை போகவில்லை. எதிரே வந்தால் தெருவைக் கடந்து மறுபக்கம் நடந்தார்கள். கொழுந்தன் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டாள். சொல்ல வேண்டி வந்தால் 'அந்த ஆள்'.

இப்படி எட்டரை வருடம் போன பிறகு, அந்த ஆளுக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்தன. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சேர்ந்து செய்த வேலை. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஊரில் அப்போது இருந்தது ஒரே டயாலிசிஸ் பிரிவு. அது அவள் வேலை பார்த்த மருத்துவமனையின் மூன்றாம் மாடி. டயாலிசிஸ் நோயாளிகளின் ரத்தமெல்லாம் வந்து சேருமிடம் முதல் மாடியின் கோடியில் இருந்த அவள் மேஜை.

முதல் தடவை குழாயில் அந்தப் பெயரைப் பார்த்ததும் தனியே எடுத்து வைத்தாள். கூட வேலை பார்த்தவருக்கு 'ஊசி' என்று பெயர். அவள் வயதுதான், காலை நேரத்தில் ரத்தம் எடுக்கும் கவுண்டரும் அவர் பொறுப்பு. "இதை நீங்க போடுங்க" என்று அவர் பக்கம் நகர்த்தினாள். இரண்டு மாதம் இப்படி ஓடியது. மூன்றாவது மாதம் ஊசி லீவில் போனார். வேறு வழியில்லாமல் அவளே மெஷினில் ஏற்றினாள். அதற்குப் பிறகு ஊசியிடம் கொடுக்கவில்லை.

பாசம் வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். பகையாளியின் வீட்டு ஜன்னல் திறந்து கிடந்தால் எட்டிப் பார்க்காமல் இருக்க முடியுமா? அந்த மாதிரிதான். பொட்டாசியம் ஏறியிருந்தால், "வாயைக் கட்டத் தெரியல. வாழைப்பழம் உள்ள போயிருக்கு" என்பாள். பாஸ்பரஸ் ஏறியிருந்தால், "சாப்பாட்டோட போட வேண்டிய மாத்திரை வாஷ்பேசின்ல போயிருக்கு. டாக்டருக்கே டிரைவிங் சொல்லிக் குடுக்கற ஆளாச்சே" என்பாள். ஊசி சிரிப்பார். அவள் சிரிக்க மாட்டாள். அந்த ஆள் முந்தைய நாள் என்ன தின்றான் என்பது அவனுடைய மனைவியைவிட இவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவனுக்கு ட்ரோபோனின் பார்ப்பார்கள். இதயத் தசைக்குள் இருக்கும் ஒரு புரதம் அது. தசை அடிபட்டால் ரத்தத்தில் கசியும். நல்ல உடம்பில் பதினான்கைத் தாண்டாது. தாண்டினால் மாரடைப்போ என்று பரபரப்பார்கள். சிறுநீரகம் கெட்டவர்களிடம்தான் இந்தக் கணக்கு சரிப்படாது. அவர்களுடைய இதயம் அதிகப்படியான தண்ணீரையும் அழுத்தத்தையும் இழுத்து இழுத்துத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. கசிந்ததை வெளியே தள்ளச் சிறுநீரகமும் இல்லை. ஒன்றுமே நடக்காத நாளிலும் ஐம்பது, எண்பது, நூறு என்றுதான் காட்டும். மருத்துவர்களுக்கும் பார்த்துப் பார்த்து மரத்துப் போயிற்று. 'டயாலிசிஸ் ஆளா? அப்படித்தான் இருக்கும்' என்று அடுத்த பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள்.

அவளுக்கு மரத்துப் போகவில்லை. ஒவ்வொருவருக்கும் அவரவர் எண் என்று ஒன்று உண்டு. அது எவ்வளவு என்பதைவிட, அதிலிருந்து எவ்வளவு நகர்ந்தது என்பதுதான் பேச்சு. இதைச் சொல்லி இரண்டு தடவை கூட்டத்தில் சண்டை போட்டிருக்கிறாள். பழைய எண்ணையும் ரிப்போர்ட்டிலேயே அச்சடித்துக் கொடுக்க வேண்டும் என்றாள். பார்க்கலாம் என்றார்கள். அந்த ஆளுடைய எண் ஐம்பத்தெட்டு, அறுபத்தொன்று, அறுபது, அறுபத்திரண்டு என்று இரண்டரை வருடமாக ஒரே இடத்தில் நின்றது. "இதயத்துல மட்டும் ஒழுங்கு" என்று முணுமுணுப்பாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கீழே அவசரப் பிரிவிலிருந்து ஒரு குழாய் வந்தது. பெயரைப் பார்த்தாள். அன்று அவனுக்கு டயாலிசிஸ் நாள் இல்லை. மெஷினில் ஏற்றினாள். பதினெட்டு நிமிடம் கழித்துத் திரையில் நூற்றுப் பதினெட்டு என்று வந்தது.

மறுபடி ஏற்றினாள். நூற்றுப் பத்தொன்பது.

ரிசல்ட்டைக் கம்ப்யூட்டரில் அனுப்பிவிட்டுப் போனை எடுத்தாள். அவசரப் பிரிவில் அன்று இருந்தவர் வேலைக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்த மருத்துவர். கெட்டிக்காரர். கெட்டிக்காரர் என்று அவருக்கே தெரிந்திருந்ததுதான் தொல்லை.

"டாக்டர், லேப்லேருந்து பேசறேன். உங்க டயாலிசிஸ் பேஷண்ட், ட்ரோபோனின் நூத்திப் பதினெட்டு."

"பாத்தேன் மேடம். டயாலிசிஸ் கேஸுக்கெல்லாம் இருக்கறதுதானே."

"இவருக்கு இருக்கறது அறுபத்திரண்டு."

"நார்மலே பதினாலு. அறுபதா இருந்தா என்ன, நூறா இருந்தா என்ன? நெஞ்சு வலி இல்ல. ஈசிஜி பழசு மாதிரியே இருக்கு. நுரையீரல்ல தண்ணி கோத்திருக்கு, அதான் மூச்சுத் திணறல். மேல பெட் காலியானதும் டயாலிசிஸுக்கு அனுப்பறேன், தண்ணிய எடுத்தா சரியாயிடும்."

"சர்க்கரைக்காரங்களுக்கு நெஞ்சு வலி வரணும்னு கட்டாயம் இல்லையே டாக்டர். ரெண்டு மணி நேரம் விட்டு இன்னொரு சாம்பிள் அனுப்புங்க. ஏறுதா நிக்குதான்னு தெரிஞ்சிடும்."

"மேடம், நீங்க மெஷினைப் பாருங்க. பேஷண்டை நான் பாக்கறேன்."

போன் வைக்கப்பட்டது.

சட்டப்படி அவள் வேலை அங்கே முடிந்துவிட்டது. ரிசல்ட் அனுப்பியாயிற்று, வாயால் சொல்லியாயிற்று, சொன்ன நேரத்தை ரிஜிஸ்டரில் எழுதியும் ஆயிற்று. இனி அந்த ஆள் செத்தாலும் ஒருத்தரும் அவளைக் கேட்க முடியாது. அவள் செய்ய வேண்டியதெல்லாம் அடுத்த குழாயை எடுப்பதுதான். எடுத்தாள். யாரோ ஒரு கர்ப்பிணியின் ஹீமோகுளோபின். அதற்கடுத்தது. அதற்கடுத்தது.

'கிடக்கட்டும்' என்று ஒரு குரல் உள்ளே சொன்னதைப் பின்னால் மகளிடம் அவளே ஒத்துக்கொண்டாள். "நல்லா நிதானமா சொல்லுச்சு. சோபாவில படுக்க வச்சு ஃபேன் போட்டானே, அதே மாதிரி இவனையும் படுக்க வைக்கட்டும்னு. எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகூட இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன்."

பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது ஊசி உள்ளே வந்தார். "உங்க ஆளுக்கு மேல பெட் ரெடியாம். பன்னிரண்டரைக்கு ஏத்தறாங்க" என்றார்.

"என் ஆளா?" என்று சீறினாள். பிறகு எழுந்தாள். ரத்தம் எடுக்கும் டிரேயைத் தன் பக்கம் இழுத்து, ரப்பர் பட்டை, சிரிஞ்ச், பஞ்சு, குழாய் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நடந்தாள்.

"ஆர்டர் இருக்கா மேடம்?" என்றார் ஊசி பின்னாலிருந்து. அதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள்.

அவசரப் பிரிவின் கடைசிக் கட்டில். முதுகுக்குத் தலையணை கொடுத்து நிமிர்த்தி உட்கார வைத்திருந்தார்கள். முகம் சாம்பல் பூத்திருந்தது. ஆக்ஸிஜன் முகமூடிக்குள் ஒவ்வொரு மூச்சையும் இழுத்து இழுத்து விட்டான். பக்கத்தில் ஸ்டூலில் அவன் மனைவி. ஒரு காலத்தில் ஒரே கொடியில் துணி காயப்போட்ட ஓரகத்தி. அவளைக் கண்டதும் எழுந்துவிட்டாள்.

கொழுந்தன் முகமூடியைக் கீழே இழுத்தான். பதினொரு வருடத்தில் அவளிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான்: "நீ எங்க இங்க வந்தே?"

"கையைக் குடு. ரத்தம் எடுக்கணும்."

"டாக்டர் சொன்னாரா?"

"இல்ல."

"அப்போ போ. அன்னைக்கு நாலு பேர் முன்னால கொலைகாரன்னே. இன்னைக்கு ஊசியோட வந்து நிக்கறே. பழி தீத்துக்கலாம்னு வந்தியா?" அதற்குள் அவனுக்கு மூச்சு தீர்ந்துவிட்டது.

"அக்கா, வேணாம், போயிடுங்க" என்றாள் ஓரகத்தி. "அவருக்குப் பேசவே முடியல. இப்ப வந்து எதுக்கு?"

"பழி தீக்கணும்னா நான் மாடியிலயே உக்காந்திருப்பேன்" என்றாள் அவள். குரலைத் தாழ்த்தவில்லை. பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பினார்கள். "ஒண்ணும் செய்யாம சும்மா இருந்தாலே போதும். நீ செஞ்ச மாதிரி. அன்னைக்கு நீ கேஸுன்னே. இன்னைக்கு இவங்க தண்ணிங்கறாங்க. என் புருஷனை இன்னொரு தடவை பாக்கறதுக்கு ஆள் இல்ல. உனக்கு நான் இருக்கேன், அதான் வித்தியாசம். கையை நீட்டு."

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். கையை நீட்டவில்லை. ஆனால் ஓரகத்தி ஒரு கணம் இவளையே பார்த்தாள். பிறகு போர்வையை விலக்கி, கணவனின் இடது கையை எடுத்து முன்னால் வைத்தாள்.

"அந்தக் கை இல்ல!" என்று கத்தினாள் அவள். "டயாலிசிஸுக்கு ஆபரேஷன் பண்ணி நரம்பைச் சேத்து வச்சிருக்கற கை அது. அதுல குத்தினா டயாலிசிஸுக்கு வழியே போயிடும். இத்தனை நாள் கூட இருக்கே, இதுகூடத் தெரியாதா உனக்கு?"

ஓரகத்தியின் கண்ணில் நீர் தளும்பியது. வலது கையை எடுத்துக் கொடுத்தாள்.

புறங்கையில் நரம்பு சிக்கிற்று. "குத்து, குத்து. அதானே உனக்கு வேணும்" என்றான் அவன் சுவரைப் பார்த்தபடி. அவள் குழாயை நிரப்பி, பஞ்சை வைத்து அழுத்தி, ஓரகத்தியின் விரலை இழுத்து அதன்மேல் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அந்த மருத்துவர் திரைக்கருகே நின்றிருந்தார்.

"உங்களுக்கு யார் ஆர்டர் குடுத்தது?"

"யாரும் குடுக்கல. எழுதி வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு அவரைத் தாண்டி நடந்தாள்.

மெஷினுக்கு அவசரம் தெரியாது. அதே பதினெட்டு நிமிடம். அந்தப் பதினெட்டு நிமிடமும் ஊசி அவள் பக்கமே வரவில்லை. திரையில் இருநூற்றுத் தொண்ணூற்றொன்று என்று எழுந்தது.

இந்தத் தடவை அவள் போனைத் தொடவில்லை. தாளை அச்செடுத்து, ஓரத்தில் பேனாவால் அறுபது, அறுபத்திரண்டு, நூற்றுப் பதினெட்டு என்று பழைய எண்களையும் எழுதிக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறினாள். டயாலிசிஸ் பிரிவின் பெரிய மருத்துவர் ஒரு பெண்மணி. அவளோடு முன்பு இரண்டு கூட்டத்திலும் மோதியவர். சாப்பிட உட்கார்ந்திருந்தார். தாளை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"யாரு இது?"

"கீழ இருக்கற உங்க பேஷண்ட். இப்ப தண்ணி எடுக்க உங்ககிட்டத்தான் ஏத்திட்டு வர்றாங்க."

பெரிய மருத்துவர் தாளை ஒருமுறை பார்த்தார். கையைக்கூடக் கழுவவில்லை, துடைத்துக்கொண்டு ஓடினார். லிஃப்ட் வாசலில் ஸ்ட்ரெச்சரை நிறுத்தி அங்கேயே இரண்டாவது ஈசிஜி எடுக்கச் சொன்னார். காலையில் பழையது மாதிரி இருந்தது இப்போது மாறியிருந்தது. ஸ்ட்ரெச்சர் டயாலிசிஸ் பக்கம் போகாமல் இதயப் பிரிவுக்குத் திரும்பியது. இதயத்தின் முக்கியமான ரத்தக்குழாய் ஒன்று நூலிழை அளவுக்கு மட்டும் திறந்திருந்தது. மூன்று மணிக்குள் ஸ்டென்ட் வைத்து முடித்தார்கள். அந்த நிலைமையில் மெஷினில் போட்டு நான்கு மணி நேரம் தண்ணீர் இழுத்திருந்தால் ரத்த அழுத்தம் சரிந்து அங்கேயே முடிந்திருக்கும் என்று பெரிய மருத்துவர் பிறகு ஊசியிடம் சொன்னார். அவளிடம் சொல்லவில்லை.

அவன் பிழைத்தான். பிழைத்து, வீட்டுக்குப் போய், ஒன்பதாம் நாள் அவள்மேல் புகார் எழுதிக் கொடுத்தான்.

புகாரில் ஒரு பொய்யும் இல்லை. அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. 'என் குடும்பத்தோடு பகையுள்ள இந்த ஊழியர் இரண்டரை வருடமாக என் ரத்த விவரங்களை வேவு பார்த்து வந்திருக்கிறார். மருத்துவர் உத்தரவில்லாமல் என் உடம்பில் ஊசி குத்தினார். மற்ற நோயாளிகள் முன்னால் என்னை அவமானப்படுத்தினார்.' அவசரப் பிரிவு மருத்துவரும் தன் பங்குக்கு ஒரு கடிதம் இணைத்திருந்தார்.

கண்காணிப்பாளர் அறையில் விசாரணை. நீள மேஜை, ஆறு நாற்காலி, ஓடாத கடிகாரம். கொழுந்தன் சக்கர நாற்காலியில், பின்னால் ஓரகத்தி. எதிர்ப்பக்கம் அவள். கண்காணிப்பாளர் சண்டை பிடிக்காத மனிதர், ஓய்வுக்கு ஒரு வருடம் இருந்தது.

"இதெல்லாம் உண்மையா மேடம்?"

"எல்லாம் உண்மை சார்."

"ஒரு வருத்தம் தெரிவிச்சு எழுதிக் குடுத்துட்டா..."

"வருத்தம் இல்ல சார். இருந்தாத்தானே தெரிவிக்க?"

"பாத்தீங்களா சார்?" என்றான் கொழுந்தன். "இந்தத் திமிரைத்தான் சொல்றேன். உயிரைக் காப்பாத்திட்டாளாம், இனி காலமெல்லாம் இவ கால்ல விழணுமாம்."

"யாரு விழச் சொன்னது? உன் அண்ணனுக்குச் செய்யாததை உனக்குச் செஞ்சு காட்டினேன். பாத்துக்கோ, இவ்வளவுதான் வேலை. ரெண்டாவது தடவை பாக்கறது. அவ்வளவுதான். அதைக்கூடச் செய்யாம சோடா வாங்கப் போனே."

கொழுந்தன் சக்கர நாற்காலியின் கையைத் தட்டினான். "நான் காரை எடுக்கறேன்னுதான்டி சொன்னேன்! அவன்தான் வேணாம்னான். 'ஆஸ்பத்திரிக்குப் போனா அவ பாத்துடுவா, பத்து டெஸ்ட் எடுத்து என்னைக் குழாய்லயே அடைச்சு வச்சுடுவா, சோடா வாங்கிட்டு வா போதும்'னு சிரிச்சான். சிரிச்சுக்கிட்டே கண்ணாடியைக் கழட்டித் துடைச்சான். நான் என்ன பண்ண? அண்ணன் சொன்னா கேக்கற தம்பியா இருந்தேன், அதான் என் தப்பு!"

அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அது அவருடைய பேச்சுதான். வேறு யாராலும் அப்படிச் சொல்லியிருக்க முடியாது. இந்த ஆளுக்கு அவ்வளவு கற்பனை கிடையாது.

"இதை ஏன் பதினொரு வருஷமா சொல்லல?" என்றாள் கடைசியில்.

"நீ கேட்டியா? வந்ததும் வராததுமா தீர்ப்பு சொன்னே. செத்தவன் மேல பழியைப் போட்டுட்டு நான் தப்பிச்சுக்கணுமா?"

"அவர் வேணாம்னா நீ விட்டுடுவியா? அன்னைக்கு ஊசியைப் பாத்து நீயும்தான் வேணாம்னே. நான் விட்டேனா?"

"அதான் உன்னை ஒருத்தருக்கும் பிடிக்கல!"

கண்காணிப்பாளர் மணியை அடித்துத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். யாரும் குடிக்கவில்லை.

அவளுக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை வந்தது. ஆறு மாதத்துக்கு டயாலிசிஸ் நோயாளிகளின் ரத்தத்தைத் தொடக்கூடாது, சிறுநீர்ப் பரிசோதனைப் பக்கம் மாறிக்கொள்ள வேண்டும். அந்த எச்சரிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதில் இருந்த இரண்டு எழுத்துப்பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பினாள். அதே மாதம் பெரிய மருத்துவர் ஒரு சுற்றறிக்கை விட்டார்: டயாலிசிஸ் நோயாளிகளின் ட்ரோபோனின் ரிப்போர்ட்டில் முந்தைய மூன்று எண்களும் சேர்த்தே அச்சிடப்பட வேண்டும், ஏறியிருந்தால் மறுபடி ஒரு சாம்பிள் கட்டாயம். யார் கேட்டு வந்தது என்று அதில் இல்லை. அவசரப் பிரிவு மருத்துவர் மட்டும் ஒருநாள் மாடிப்படியில் நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தார். "வழி விடுங்க டாக்டர், கையில யூரின்" என்று அவள் கடந்து போனாள்.

வீட்டில் அவள் நான்கு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மகள் வந்து உட்கார்ந்து கேட்டபோது, "உங்கப்பா மேல கோபமா வருது. எனக்குப் பயந்துதான் வராம இருந்திருக்கார்" என்றாள். மகள் சித்தப்பாவிடம் போய் ஒரு வார்த்தை பேசட்டுமா என்று கேட்டாள். "நீ போ. உனக்கு சித்தப்பா. எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள். அவன் சொன்னதை அவள் நம்பினாள். மன்னிக்கவில்லை. இரண்டும் வேறு வேறு என்பதில் அவளுக்குக் குழப்பம் இருக்கவில்லை.

கொழுந்தன் அதற்குப் பிறகு அந்த மருத்துவமனைக்கு வரவில்லை. ஊரின் மறுகோடியில் புதிதாகத் திறந்த டயாலிசிஸ் சென்டருக்கு மாறிக்கொண்டான். ஆறு மாதம் கழித்து அவள் பழைய மேஜைக்குத் திரும்பியபோது அந்தப் பெயர் எந்தக் குழாயிலும் இல்லை. விட்டது சனியன் என்றாள். ஆனால் மாதக் கடைசியில் டயாலிசிஸ் குழாய்கள் வரும்போது ஒருமுறைக்கு இருமுறை லேபிள்களைப் புரட்டிப் பார்த்ததை ஊசி கவனித்தார்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் லேப் போன் அடித்தது. எடுத்தாள்.

"நான்தான்" என்றது குரல். ஓரகத்தி. அக்கா என்று சொல்லவில்லை. "இங்க ட்ரோபோனின் நூத்தி நாப்பதுன்னு போட்டிருக்காங்க. அங்க அறுபதுதானே இருந்துச்சு? டாக்டர் ஒண்ணுமில்லைங்கறாரு. எனக்குப் பயமா இருக்கு."

"அது வேற மெஷின். வேற அளவு. அங்க எடுத்ததை இங்க எடுத்ததோட பக்கத்துல வைக்காதே. அங்க முன்னாடி எவ்வளவு இருந்துச்சு?"

தாள் புரளும் சத்தம் கேட்டது. "போன தடவை நூத்தி முப்பத்தெட்டு. அதுக்கு முன்னாடி நூத்தி நாப்பத்திரண்டு."

"மூச்சுத் திணறல், வாந்தி, வியர்வை?"

"இல்ல."

"அப்போ அதுதான் அவனோட நம்பர். எழுதி வச்சுக்கோ. அது நகர்ந்தா மட்டும் கத்து. யாரு என்ன சொன்னாலும் கத்து."

"சரி."

"பாஸ்பரஸ் எவ்வளவு?"

"ஏழு."

"மாத்திரையை நீ கையில வச்சு விழுங்க வை. அவன்கிட்டக் குடுக்காதே."

தூரத்தில் ஓர் ஆண் குரல், "யார்கிட்டப் பேசறே?" என்று அதட்டியது.

"லேப்ல" என்றாள் ஓரகத்தி. போன் வைக்கப்பட்டது.

அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த போன் வந்தது. நலம் விசாரிப்பதெல்லாம் கிடையாது. எண்கள், இரண்டு கேள்வி, ஒரு திட்டு. ஒரு தடவை நான்கு நாள் தாமதமாயிற்று. அந்த நான்கு நாளும் அவள் பக்கத்தில் யாராலும் நிற்க முடியவில்லை என்று ஊசி பிறகு சொன்னார்.